பளுவும் பண்பும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலமாக இருந்தால்தான் பொருள் ஈட்டலாம். பெற்ற மக்களைப் பேணலாம். பிறர்க்கு உதவவும் செய்யலாம். பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணைவிட்டு வந்த நம் போன்றோர்க்கு இவ்வுண்மை மற்றவரைவிட ஒருபடி மிகுதியாகவே பொருந்தும். நிலமும் வீடும் ஊரில் கிடக்க, நாம் கையோடு கொண்டுவந்த முதல் இவ்வுடல் ஒன்றுதானே!

இம்முதலைப் பேணும் ஆர்வம் நம்மவரிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். காய்கறி மூட்டைகள் இறங்கும் ஓசைக்கும் கோயில் மணிக்கும் பள்ளிவாசல் அழைப்புக்கும் நடுவே, ஏதேனும் ஒரு மாடியிலிருந்து இரும்போடு இரும்பு மோதும் ஓசையும் கேட்கும். அதுதான் உடற்பயிற்சிக் கூடம். சிறுவரும் இன்று அதனை ‘ஜிம்’ என்றே வழங்குகின்றனர்.

அறுபதைக் கடந்த நானும் ஒரு கூடத்தில் சேர்ந்து ஓராண்டாகிறது. ‘நடந்தால் மட்டும் போதாது, சிறிது பளுவும் தூக்குங்கள்’ என்று மருத்துவர் சொன்னபோது முதலில் நகைத்தேன். பின்னர்தான் அறிந்தேன், உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியுரையும் அதையே வற்புறுத்துகிறது என்று. வயது வந்தோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும். 65 வயதைக் கடந்தோர்க்கும் இதில் விலக்கில்லை. அவர்கள் இடறி விழாதிருக்கும் பொருட்டுச் சமநிலைப் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். இங்கே முப்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறார். சர்க்கரை நோய் உடையவர். அவருடைய மருத்துவரும் அதே அறிவுரையைக் கூற, பல நாள் தயங்கிப் பின் துணிந்து எங்கள் கூடத்திற்கு வந்தார். மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் வரவில்லை. அந்த வாரம் முழுவதுமே வரவில்லை.

இது ஒரு குடும்பத்தின் சிறு செய்தி என்று தள்ளிவிடத் தக்கதன்று. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பெரும் ஆய்வொன்று மதிப்பிட்டது. போதிய உடலசைவு இல்லாதோர் 2022ஆம் ஆண்டில் ஆண்களில் 100க்கு 42 பேர், பெண்களில் 57 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தாரின் மற்றொரு கணக்கு. வீட்டுப் படியிறங்கிப் பயிற்சிக் கூடம் வரை வந்த ஒரு பெண்மணி திரும்பிப் போய்விட்டால், அந்த 57 பேரில் ஒருவரைக் குறைக்கும் வாய்ப்பு நம் கையிலிருந்து நழுவிவிட்டது என்பதே பொருள்.

அவர் ஏன் போனார்? ‘எல்லாம் இந்த இளைஞர்களின் நடத்தையால்தான்’ என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். அத்தீர்ப்பு எத்தகையது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பழைய கூடங்களின் முறை

பெங்களூருக்கு உடற்பயிற்சி புதிதன்று. பழைய பேட்டைப் பகுதியில் மல்லர்கள் பயின்ற கூடங்களைக் கன்னடத்தில் ‘கரடி மனை’ என்பர். ஊரிலிருந்து புதிதாக வரும் நம்மவர் அப்பெயரைக் கேட்டு, உள்ளே கரடி இருக்குமோ என்று அஞ்சுவதுண்டு! உள்ளே இருப்பது செம்மண் களமும், கரலாக்கட்டையும், அனுமன் படமுமே. காலணியை வாயிலில் கழற்ற வேண்டும். களத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். ஆசானை வணங்க வேண்டும். மண்ணைக் கிளறிப் பதப்படுத்தும் வேலையையும் பயில்வோரே செய்ய வேண்டும். நம் நாட்டுச் சிலம்பக் கூடங்களிலும் இத்தகைய முறையே உண்டு. தண்டாலும் பஸ்கியும் கற்பதற்கு முன்பே அடக்கம் கற்பிக்கப்பட்டது.

இரும்புப் பளுவைக் கொண்டு பயிலும் புதுமுறை வந்த பின்னரும் அம்மரபு அறுந்துவிடவில்லை. கே. வி. ஐயர் (1897–1980) பெங்களூரில் ‘ஹெர்குலீஸ் ஜிம்னேசியம்’ என்னும் கூடத்தை நடத்தியவர். 1930ஆம் ஆண்டில் ‘மஸில் கல்ட்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். பளுப் பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் இணைத்துக் கற்பித்தார். ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ என்னும் புகழ்பெற்ற கன்னட நாவல்களை எழுதியவரும் அவரே. இரும்பைப் பற்றிய கையே எழுதுகோலையும் பற்றியது. உடல் வளர்ச்சிக்கும் உள்ளத்தின் மென்மைக்கும் பகையில்லை என்பதற்கு இந்நகரத்திலேயே இப்படி ஓர் எடுத்துக்காட்டு இருந்தது.

இன்றைய கூடத்தில் ஆசானை ‘மாஸ்டர்’ என்கிறோம். சந்தா செலுத்துகிறோம், கருவிகளைத் தொடுகிறோம். ஆனால் ‘இங்கே இப்படி நடந்துகொள்’ என்று சொல்பவர் அரியர். ஆகவே சில குறைகள் களையப்படாமல் முளைத்துவிட்டன.

நான் கண்ட குறைகள்

முதற் குறை, எடுத்ததை எடுத்த இடத்தில் வையாமை. பளு தூக்கும் நீண்ட கம்பி மட்டுமே பெரும்பாலும் 20 கிலோ எடையுள்ளது. அதன் இருபுறமும் இரண்டிரண்டு 20 கிலோ தட்டுகளை மாட்டி 100 கிலோவாகத் தூக்கிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு போய்விடுகிறார் ஓர் இளைஞர். அடுத்து வருபவர் பதினாறு வயதுப் பையனாகவோ என்னைப் போன்ற முதியவராகவோ இருந்தால், அந்த 80 கிலோவையும் யார் இறக்குவது? இறக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பக்கத்துத் தட்டுகளை முழுவதும் கழற்றிவிட்டால் மறுபக்கத்துப் பாரத்தால் கம்பி குடை சாய்ந்து அருகிலிருப்பவரை அடிக்கும். இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று என மாற்றி மாற்றியே கழற்ற வேண்டும். தூக்கும் வலிமை உடையவருக்கே இறக்கிவைக்கும் கடமையும் உண்டன்றோ?

இரண்டாவது, வியர்வை. உழைப்பின் வியர்வை போற்றத்தக்கதே. ஆயினும் அதனைப் பிறர் முதுகில் பூசுவது எவ்வாறு தகும்? பலகையில் படுத்து எழுந்தவர் அதனைத் துடைக்காமல் போனால், ஈரம் மட்டுமா அங்கே தங்குகிறது? படர்தாமரை முதலிய தோல் நோய்கள் ஈரத் துணியாலும் உடல் தொடர்பாலும் பரவுவன. வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரைக் கிருமி வகையொன்று அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் பரவி, 2020ஆம் ஆண்டில் அதற்கு அறிவியலார் தனிப்பெயரே சூட்டும் நிலை ஏற்பட்டது. உடலுக்கு ஒரு துண்டு, பலகைக்கு ஒரு துண்டு என இரண்டு கொண்டுவந்தால் இத்தொல்லையில் பெரும்பகுதி தீரும்.

மூன்றாவது, இடம் பிடித்தல். பேருந்து சன்னலில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் நம்மவர் கைதேர்ந்தவர்கள். அக்கலையை இங்கும் கொண்டுவந்துவிட்டோம். கடும்பளு தூக்கியவர் இரண்டு மூன்று நிமிடம் இளைப்பாறுவது பயிற்சியின் ஒரு கூறே. அதனைக் குறை கூறவில்லை. கருவியின்மேல் அமர்ந்து கைபேசியில் கால்மணி நேரம் ஆழ்ந்திருப்பதைத்தான் சொல்கிறேன். நாம் இளைப்பாறும் இடைவேளையில் காத்திருப்பவர் ஒரு முறை செய்துகொள்ளலாம். அவர் இளைப்பாறும்போது நாம் செய்யலாம். ஒரு கிணற்றில் இருவர் முறை வைத்து நீர் இறைப்பது போன்றதே இது.

நான்காவது, ஓசை. தூக்கிய பளுவைத் தொப்பென்று போட்டால்தான் வீரம் என்று சிலர் எண்ணுகின்றனர். வேலூர் பெற்ற வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலும் 2018ஆம் ஆண்டில் கோல்டு கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். அத்தகைய போட்டிகளில் தட்டுகள் ரப்பராலானவை. அதற்கென அமைத்த மேடையும் உண்டு. அங்கேகூட நடுவர் குறிகாட்டும் முன் பளுவை இறக்கலாகாது; தோளுக்கு மேலிருந்தே கையை விட்டுவிட்டால் தூக்கியது செல்லாது. உலக வீரர்க்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்க, கீழே கடை வைத்திருப்பவர் தலைமேல் இரும்புத் தட்டை எறிவது எந்த வீரத்தில் சேரும்?

ஐந்தாவது, படம் எடுத்தல். தம் தோளழகைத் தாமே படம் பிடித்து மகிழட்டும், தடையில்லை. ஆனால் அப்படத்தில் பின்னால் நிற்கும் பெண்ணும் முதியவரும் அவர்கள் இசைவின்றியே சேர்ந்துவிடுகின்றனரே! உடை மாற்றும் அறையில் கைபேசியை உயர்த்துவதோ பெருங்குற்றம். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். விளையாட்டாகச் செய்ததென்று பின்னர் மன்றாடிப் பயனில்லை.

ஒரு துண்டின் கதை

இவ்வளவு குறைகளையும் அடுக்கிய நான் குற்றமற்றவனா? அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ஒரு கருவியின்மேல் என் துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஆம்பூர்க்காரர் ஒருவர் எதிர்ப்பட்டார். ஊர்ப் பேச்சு தொடங்கினால் முடியுமா? மழை, ஏரி, நிலத்தின் விலை, பிள்ளைகளின் திருமணம் என்று நீண்டுகொண்டே போயிற்று. திரும்பி வந்தபோது ஓர் இளைஞர் அக்கருவியின் அருகில் கை கட்டி நின்றிருந்தார். என் துண்டைத் தொடவும் இல்லை. முகம் சுளிக்கவும் இல்லை. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, அங்கிள்’ என்று புன்முறுவலுடன் சொன்னார்.

இந்நகரத்தில் ஒரு வாரம் தங்கியவரும் அறிந்த தொடர் அது. ‘சற்றே விட்டுக்கொடுங்கள்’ என்பது அதன் பொருள். பேருந்தில் ஒடுங்கி அமர்வது முதல் தெருவில் வண்டி ஒதுக்குவது வரை அதுவே இங்குள்ள பொதுச் சட்டம். அவ்விளைஞர் காத்திருந்தது எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பத்து நிமிடம் என்றார். நான் நாணினேன்.

அந்த நாணத்தோடுதான் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். ‘இளைஞர்கள் ஏதேனும் மரியாதைக் குறைவாக நடந்தார்களா அம்மா? அஞ்சாமல் சொல்லுங்கள்; மாஸ்டரிடம் பேசுகிறேன்’ என்றேன்.

அவர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு சொன்னார்:

‘அந்தப் பிள்ளைகள் ஒன்றும் செய்யவில்லை, அண்ணா. ஒரு பையன் கனமான தட்டைத் தானே வந்து கழற்றிக் கொடுத்தான். “ஆண்ட்டி” என்று மரியாதையாகத்தான் பேசினான். நம்மவர்கள்தான். முதல் நாள் ஒருவர், “இந்த வயதில் இதெல்லாம் எதற்கு? வீட்டு வேலை போதாதா?” என்றார். இரண்டாம் நாள் இன்னொருவர், மாஸ்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே “அப்படி இல்லை, இப்படி” என்று குறுக்கே வந்தார். மூன்றாம் நாள் ஒருவர், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கும்படி, “மருமகள் வீட்டில் இல்லையா? காலைச் சமையல் யார் செய்கிறார்கள்?” என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு போகக் கூசிற்று.’

‘அப்படிக் கேட்டவர் யார் அம்மா?’ என்றேன் சினத்துடன்.

‘நீங்கள்தான் அண்ணா’ என்றார் அவர்.

காப்பி தொண்டையில் இறங்க மறுத்தது.

அன்பும் அளவும்

நான் அதனைக் கேலியாகக் கேட்கவில்லை. ஊர்ப் பாசத்தால் கேட்டேன். எனினும் எவர் உள்ளத்தில் பாசம் இருந்தது என்பதைக் காட்டிலும், எவர் முகம் சுருங்கிற்று என்பதே இங்குப் பார்க்க வேண்டியது. திண்ணையில் அமர்ந்து கேட்டால் நலம் விசாரிப்பு; இருபது பேர் நடுவே உரக்கக் கேட்டால் அதுவே விசாரணை. பயிற்சிக் கூடத்திற்கு வருபவர் தம் உடலின் குறையை நன்கு அறிந்தே வருகின்றார். மூச்சு வாங்குவதையும், கை நடுங்குவதையும், உடல் பருத்திருப்பதையும் நாலு பேர் பார்க்கும் நிலையில் தம்மை வைத்துக்கொள்ளும் துணிவு அவருக்கு வேண்டியிருக்கிறது. அத்துணிவு மெல்லிய கொடி போன்றது. நாம் வீசும் ஒரு சொல்லால் அது அறுந்துவிடும்.

ஆகவே, நான் கண்ட குறைகளில் ஆறாவதும் தலையாயதும் கேளாமல் கூறும் அறிவுரையே. ஒருவருக்கு ஆபத்து நேரும்போது வாய் திறவாதிருப்பது தவறு. படுத்த நிலையில் கம்பி மார்பின்மேல் இறங்கி மீள மாட்டாமல் தவிப்பவரைக் கண்டால் ஓடிச்சென்று கை கொடுக்க வேண்டும். கூடத்தில் அதனைச் ‘சப்போர்ட்’ என்பர். கேட்டவர்க்கு அதனை மறுப்பது மனிதத் தன்மையன்று. காதில் பாட்டுக்கருவியை அடைத்துக்கொண்டு பயில்வோரும் சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டுவது நல்லது. ஆபத்து ஒன்றும் இல்லாதபோது, கற்பிப்பது மாஸ்டரின் பொறுப்பு. நம் பொறுப்பு நம் பளுவைத் தூக்குவதே.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே பாளையம் மாற்றியது முதல், படையோடும் வணிகத்தோடும் தமிழர் இங்கு வந்து குடியேறினர். பிளாக்பள்ளி என்று முன்பு வழங்கிய இப்பகுதி சிவாஜிநகராயிற்று. தண்டுப் பகுதியும் பேட்டைப் பகுதியும் 1949ஆம் ஆண்டில் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. காவிரிப் பிணக்கின்போது, 1991ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் இந்நகரத் தமிழர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் அண்டை வீட்டாரின் நட்பே அரணாகும். அந்நட்பு மேடைப் பேச்சால் வளர்வதன்று. தினந்தோறும் ஒரு பலகையைத் துடைத்துவைப்பதாலும், ஒரு தட்டை இறக்கிக் கொடுப்பதாலும், ‘முதலில் நீங்கள்’ என்று கன்னடத்தில் இரண்டு சொல் சொல்வதாலும் வளர்வது.

அம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நீங்கள் வாய் திறக்காமல் பயிற்சி செய்வதாக இருந்தால் வருகிறேன் அண்ணா’ என்று நகைத்தார். மறு வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். நான் தொலைவில் நின்று தலையை மட்டும் அசைத்தேன். அன்று முழுவதும் மருமகளைப் பற்றியோ சமையலைப் பற்றியோ ஒரு சொல் கேட்டேனில்லை. அன்று நான் தூக்கிய பளுக்களில் அதுவே கனமானது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்!

மாஸ்டரிடம் பேசித் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் ஒரு பலகை எழுதி மாட்டினோம். அதில் உள்ளவை இவையே:

எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள்.
பயன்படுத்திய பலகையைத் துடையுங்கள்.
காத்திருப்பவருக்கு முறை கொடுங்கள்.
பளுவை மெல்ல இறக்குங்கள்.
பிறரைப் படம் எடுக்காதீர்கள்.
கேட்டால் உதவுங்கள்; கேளாமல் அறிவுரை கூறாதீர்கள்.

நம் சங்கக் குடும்பங்களைச் சேர்ந்த தம்பிமாரும் தங்கைமாரும் பயிற்சிக் கூடங்களுக்குச் செல்ல வேண்டும். பெரியோரும் தாய்மாரும் தயங்காமல் செல்ல வேண்டும். செல்லும்போது இரண்டு துண்டுகளை எடுத்துச் செல்லுங்கள். ஊர் விசாரணைகளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஒரு கூடத்தில் எத்தனை கிலோ பளு இருக்கிறது என்பது அதன் பெருமையன்று. அங்கே முதன்முறை வந்த ஒருவர் மறுநாளும் வருகிறாரா என்பதே அதன் பெருமை. அவரை வரச் செய்வதும் வராமற் செய்வதும் நம் ஒவ்வொருவரின் நடத்தையில்தான் இருக்கிறது.